நாலு பேர்



போன சனிக்கிழமை இரவு மேலத்தெருவில் ஒரு பாட்டிக்கு நோயில்பூசுதல் கொடுத்துவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி எட்டரை இருக்கும். குருசடித் திருப்பத்தில் மின்கம்பத்தின் கீழே ஒருவர் விழுந்து கிடந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே சுருண்டிருந்தது. ஒரு செருப்பு காலில், இன்னொன்று சாக்கடை ஓரத்தில். எனக்கு முன்னால் போன இரண்டு பைக்குகள் அவரைச் சுற்றி வளைந்து போய்விட்டன. நானும் நிறுத்தலாமா வேண்டாமா என்ற யோசனையோடுதான் வேகத்தைக் குறைத்தேன். பலிபீடத்தின் முன் நின்றுகொண்டு பொய் சொல்ல முடியாது, அதனால் சொல்கிறேன்.

அதற்குள் டியூஷன் முடிந்து வந்த ஒரு பையன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். பத்து, பதினொரு வயதுதான். அந்த மனிதரின் வேட்டியை இழுத்துக் கணுக்கால் வரை மூடினான். சாக்கடை ஓரத்துச் செருப்பை எடுத்துத் துடைத்து, பக்கத்தில் வைத்தான். நான் வண்டியிலிருந்து இறங்கி, "யாருப்பா இது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரிஞ்ச ஆளுதான், சாமி" என்றான்.

அந்தக் கொஞ்ச நேர யோசனை அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் தேட வேண்டாம்.

அவரை எழுப்பி வீடு சேர்க்க நானும் பையனும் முயன்று பார்த்தோம். முடியவில்லை. குடித்துத் துவண்ட உடம்பு எவ்வளவு கனம் என்று இங்கே இருக்கும் பல அம்மாமார்களுக்குத் தெரியும். டீக்கடையை அடைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி வந்தார், ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்த பிறகுதான் தூக்க முடிந்தது. நாலு பேர் வேண்டியிருந்தது.

அன்பானவர்களே, அன்றிரவு நான் தொடக்க நூலின் 9ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். வெள்ளம் வடிந்த பிறகு நோவா திராட்சைத் தோட்டம் போட்டார், குடித்தார், கூடாரத்தில் ஆடை விலகிக் கிடந்தார். விவிலியம் இதை மூடி மறைக்கவில்லை. ஒரு மகன், காம், பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொன்னான். மற்ற இரண்டு பேர், சேமும் எப்பேத்தும், ஒரு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்து, தகப்பனின் கோலத்தைப் பார்க்காமலே மூடினார்கள். காமின் தவறு எது என்று அறிஞர்கள் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ, பார்த்தது அல்ல, வெளியே போய்ச் சொன்னதுதான் தவறு என்று படுகிறது. இந்தக் காலத்தில் காமின் கையில் செல்போன் இருக்கிறது. கீழே விழுந்து கிடப்பவரை வீடியோ எடுத்துச் சிரிப்புப் படத்தோடு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். நம் ஊர்க் குழுவில் போன மாதம் வந்த ஒன்றை நானும் பார்த்தேன். எத்தனை பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள் என்பதையும் பார்த்தேன்.

இவர்களில் நான் யார்? சொல்லித் திரிந்தவனா, மூடியவனா? வளைந்து போன பைக்கில் இருந்தவனா?

ஒன்று சொல்லட்டுமா? எபிரேயர் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில் நம்பிக்கையில் சிறந்தவர்களின் நீண்ட வரிசை வருகிறது. அதில் நோவாவின் பெயரும் இருக்கிறது. ஒரு நாள் குடித்துக் கிடந்தார் என்பதற்காக அந்தப் பெயரை யாரும் அடித்துவிடவில்லை. கடவுளின் கணக்குப் புத்தகத்தில் ஒரு மனிதரின் பெயர் அவ்வளவு சுலபமாக அழிவதில்லை.

நம் பேச்சில் 'நாலு பேர்' என்று ஒரு சொல் இருக்கிறது. "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" இந்த ஒரு கேள்விக்காக எத்தனை வீடுகள் வாயை மூடிக்கொண்டிருக்கின்றன! கணவர் குடித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை என்றால், மனைவி மேஸ்திரிக்குப் போன் போட்டு, காய்ச்சல் என்கிறார். மகன் கடன் வாங்கிக் குடித்தால், அப்பா யாருக்கும் தெரியாமல் அடைக்கிறார். கன்னம் வீங்கியிருந்தால், கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறாள் நம் சகோதரி. இன்னொரு 'நாலு பேரும்' நமக்கு உண்டு. சாகும்போது தூக்கிப் போக நாலு பேர் வேண்டும் என்கிறோமே, அவர்கள். முதல் நாலு பேருக்குப் பயந்து பயந்தே இரண்டாவது நாலு பேரிடம் போய்ச் சேர்ந்தவர்களை நான் என் கையால் அடக்கம் செய்திருக்கிறேன். நாற்பது வயது, நாற்பத்திரண்டு வயது. மஞ்சள் பூத்த கண்கள், வீங்கிய வயிறு. கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குழிகள் என்று நீங்களும் அறிவீர்கள்.

மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் வருகிறவர்கள் மூன்றாவது வகை. உயிரோடு இருக்கும்போதே தூக்கிய நாலு பேர். கப்பர்நாகூமில் ஒரு வீடு, உள்ளே இயேசு, வாசல் வரை கூட்டம். முடக்குவாதக்காரர் ஒருவரைக் கட்டிலோடு சுமந்து வருகிறார்கள். வழி இல்லை. நம்மவர்கள் என்றால், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று திரும்பியிருப்போம். அவர்கள் மேலே ஏறிக் கூரையைப் பிரித்தார்கள். தெய்வம் கொடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே மனிதர்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் வாங்குகிறார்கள்! (பிரித்த கூரையை யார் திரும்ப வேய்ந்து கொடுத்தார்கள் என்று மாற்கு எழுதவில்லை. வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்றும் இல்லை. எனக்கு எப்போதும் அந்த வீட்டுக்காரர் மேல் ஒரு பரிவு உண்டு.)

இயேசு எதைப் பார்த்தார்? படுத்திருந்தவரின் நம்பிக்கையை என்று மாற்கு சொல்லவில்லை. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையைக் கண்டார் என்கிறார். இந்த ஒரு இடத்தை மட்டும் இன்று வீட்டுக்குக் கொண்டுபோங்கள், எனக்குப் போதும். படுத்துக் கிடப்பவருக்கு நம்பிக்கை இல்லாமல் போயிருக்கலாம். பத்து முறை விட்டு, பத்து முறை தொட்டவருக்கு எங்கிருந்து நம்பிக்கை வரும்? அவருக்காக நாம் நம்பலாம். ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்கிறார்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் இருந்தேன். குடிப்பவர்களைக் கூட்டி வந்து, பீடத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, விவிலியத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவேன். அது பெரிய மேய்ப்புப் பணி என்று எனக்கு நினைப்பு. பதினைந்து வருடமாகத் தினமும் குடித்த ஒருவர் அப்படிச் சத்தியம் செய்து, அன்றே நிறுத்தினார். மறுநாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள், சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கத்தியோடு நிற்கிறார் என்று அலறத் தொடங்கினார். பேய் பிடித்துவிட்டது என்று என்னிடமே தூக்கி வந்தார்கள். நானும் தீர்த்தம் தெளித்துச் செபித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பங்கில் நர்ஸாக வேலை பார்த்த ஓர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "சாமி, செபம் ஆஸ்பத்திரியில வச்சும் பண்ணலாம். முதல்ல வண்டியை எடுங்க" என்றார். அந்த மனிதர் பிழைத்தார். நான் சத்தியம் வாங்குவதை நிறுத்தினேன்.

பிறகு மருத்துவர்கள் எனக்கு விளக்கினார்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, சாராயத்துக்கு ஏற்ப மூளையையே மாற்றி வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து, புத்தி தடுமாறலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்து, நடுக்கம் அடங்க மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டு, மெதுவாக இறக்கிக் கொண்டுவர வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் இதைச் செய்கிறார்கள், காசு கேட்பதில்லை. போனில் ஆலோசனை வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதனால் தாய்மாரே, தினமும் குடிக்கிற மனிதரிடம், "இன்னைக்கே விடு, என் தலைமேல் அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்று கேட்காதீர்கள். "வாங்க, டாக்டர்கிட்ட போகலாம்" என்று கேளுங்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள் என்று பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். என்ன கலந்திருக்கிறது என்று அந்தப் பொட்டலத்தில் இருப்பதில்லை. மருத்துவர்களே கொடுக்கிற டைசல்ஃபிராம் என்ற மாத்திரை ஒன்று உண்டு. அதை நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள். ஏனென்றால் அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழுந்து, இதயமே நின்றுபோகும் ஆபத்து உண்டு. தெரியாமல் கொடுப்பது அன்பினால்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் வேண்டாம்.

சேமும் எப்பேத்தும் மூடினார்களே, நாமும் வீட்டுக்குள்ளேயே மூடி வைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். மூடுவது வேறு, மறைப்பது வேறு, சகோதரிகளே. மானத்தை மூடலாம், நோயை மறைக்கக் கூடாது. அந்தப் பிள்ளை வேட்டியை இழுத்துவிட்டதோடு நிற்கவில்லை. என்னையும் நிற்க வைத்தான், ஆட்டோவைக் கூப்பிட்டான். குடிநோய் என்பது வெறும் பலவீனமோ திமிரோ அல்ல. சர்க்கரை நோய் போல அதுவும் நோய்தான். அதில் பாவமும் கலந்திருக்கலாம், அதை ஒப்புரவு அருட்சாதனத்தில் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய்க்காரரைப் பீடத்தின் முன் சத்தியம் செய்ய வைத்து அனுப்பினால் சிரிக்கமாட்டோமா?

சரி, மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தவரை யார் தாங்குவது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் அக்ரோன் என்ற ஊரில் 1935ஆம் ஆண்டு ஒரு பதில் கிடைத்தது. நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக வந்த பில் என்பவர், வந்த காரியம் கெட்டு, ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடம், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோனும், அந்த ஊர்க் கோயில்களின் பட்டியலும். அவர் டெலிபோன் பக்கம் நடந்தார். ஒரு போதகரை அழைத்தார். நான் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்றார். நன்றாகக் கவனியுங்கள், எனக்கு உதவி செய்ய ஆள் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அப்படித்தான் மே 12 அன்று டாக்டர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம்தான் தருவேன் என்று வந்த பாப், இரவு பதினொரு மணி தாண்டும் வரை எழுந்திருக்கவில்லை. முதல் முறையாக, தனக்கு அறிவுரை சொல்லாமல் தன் கதையைச் சொல்லும் ஒரு மனிதரை அவர் பார்த்தார். நடுவில் ஒரு முறை வழுக்கி விழுந்தார் பாப். ஜூன் 10ஆம் தேதி கடைசியாகக் குடித்தார். அன்று பிறந்ததுதான் ஏ.ஏ. என்று நாம் சொல்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பின்னால் 1951இல் பில்லின் மனைவி லோயிஸ், குடும்பத்தாருக்காக அல்-அனான் என்ற குழுவை உருவாக்கினார். குடிப்பவரைவிட வீட்டில் இருப்பவர் அதிகமாக உடைந்துபோயிருப்பார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும்.

அதே ஊரில் புனித தோமா மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேசியா என்று அயர்லாந்தில் பிறந்த கன்னியர் இருந்தார். நோயாளிகளைச் சேர்க்கும் மேசை அவர் பொறுப்பு. அந்தக் காலத்தில் குடிகாரருக்கு மருத்துவமனையில் கட்டில் கொடுக்கமாட்டார்கள். 1939இல் இந்தச் சகோதரி என்ன செய்தார் தெரியுமா? வந்த குடிநோயாளியை, வயிற்றில் கடும் அழற்சி என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டார்! (இதை ஒரு நல்ல முன்மாதிரி என்று பீடத்திலிருந்து சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.) குணமாகி வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவர் கையிலும் சின்னத் திரு இருதயச் சுரூபத் துணி ஒன்றைக் கொடுப்பார். திரும்பக் குடிக்க வேண்டும் என்று தோன்றினால் குடிக்கலாம், ஆனால் முதலில் இதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் குடியுங்கள் என்பார். எத்தனை பேர் அந்தத் துணியை வெறுமனே சட்டைப்பையில் தொட்டுப் பார்த்து, வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்!

அதே அயர்லாந்தில், குடியிலிருந்து மீண்ட டப்ளின் நகரத்து மேட் டால்பட்டைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1856இல் பிறந்தவர், கூலித் தொழிலாளி. பன்னிரண்டு வயதில் மது புட்டியில் அடைக்கும் இடத்தில் வேலைக்குப் போனார், அங்கேயே குடிக்கப் பழகினார். பதினாறு வருடம் குடித்தார். ஒரு தடவை, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலைத் திருடி விற்று நண்பர்களோடு குடித்தார். 1884இல் ஒரு வாரம் வேலை இல்லை, கையில் காசில்லை. சனிக்கிழமை மதுக்கடை வாசலில் நின்றார். சம்பளம் வாங்கி வருகிற நண்பர்கள் உள்ளே கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். தன்னிடம் காசிருந்த நாளெல்லாம் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள். யாரும் கூப்பிடவில்லை.

குடிக்கக் கூட்டிப் போகவும் நாலு பேர் உண்டு என்று நாம் நினைப்போம். காசு தீர்ந்த அன்று அந்த நாலு பேரும் காணாமல் போவார்கள். நம் ஊர்க் கடைவாசலில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மேட் வீடு திரும்பினார். அன்றே போய்க் குருவானவர் ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்கு மட்டும் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். மூன்று மாதம்! வாழ்நாள் முழுவதும் என்று சொல்லியிருந்தால் அவரால் முடிந்திருக்காது. மூன்று ஆறாயிற்று, பிறகு ஆயுளாயிற்று. பையில் காசு வைத்துக்கொண்டு நடப்பதைக்கூட விட்டார். அந்தப் பிடில்காரரை வருடக்கணக்கில் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் அவருக்காகத் திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார். 1925 ஜூன் 7ஆம் தேதி, மூவொரு கடவுள் பெருவிழா அன்று, திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். நாற்பது வருடம் குடிக்காமல் வாழ்ந்தவர். ஒரு காலத்தில் குடித்து விழுந்த அதே நகரத்துத் தெரு. 1975இல் திருச்சபை அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தது.

கூரைக்கு வருவோம். கட்டிலை இறக்க வேண்டுமென்றால் கூரையைப் பிரித்தாக வேண்டும். நம் பங்கின் கூரை எது? என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புதுநன்மை வீட்டு விருந்தில் பந்தலுக்குப் பின்னால் ஒரு மேசை. பிள்ளை வெள்ளை உடுப்போடு முன்னால் கேக் வெட்டுகிறது, பின்னால் மாமன்மார் பிளாஸ்டிக் டம்ளரோடு நிற்கிறார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே 'சரக்கு' செலவுக்கு ஒரு தொகை ஒதுக்குகிறோம். வாங்கி ஊற்றாவிட்டால் கஞ்சன் என்று பெயர் வந்துவிடுமாம். அங்கேயும் 'நாலு பேர்' வந்து உட்கார்ந்துவிட்டார்கள். குடியை விட்டு ஆறு மாதமான ஒருவரை அந்தப் பந்தலுக்குள் நாம்தான் பத்திரிகை வைத்துக் கூப்பிடுகிறோம். "ஒரு கட்டிங் போட்டா ஒண்ணும் ஆகாது, மாப்ளே" என்று தோளில் கை போடுவதும் நாம்தான்.

அடக்கத்தில்கூட! குழி வெட்டுகிறவர்களுக்குப் பாட்டில் கொடுப்பது நம் ஊரில் வழக்கம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதலில் இறந்தவரின் துக்கத்துக்கு வந்தவர்கள், துக்கவீட்டிலேயே அதே சாராயத்தைக் குடித்து இறந்தார்கள் என்று செய்திகள் வந்தன. சாவுக்குக் காரணமானதே சாவுச் சடங்கிலும் பரிமாறப்பட்டிருக்கிறது. ஊரின் பெயரிலேயே கருணை இருக்கிறது. அந்த மக்களை நான் குறை சொல்லமாட்டேன். பொழுதெல்லாம் மூட்டை தூக்கிய உடம்பு வலிக்குக் கையில் இருந்த காசுக்குக் கிடைத்ததைக் குடித்தவர்கள் அவர்கள். ஆனால் நம் துக்கவீடுகளில் இனிப் பாட்டில் வேண்டாம். குழி வெட்டும் சகோதரர்களுக்குக் கூலியைக் கூட்டிக் கொடுப்போம், சுடச்சுட டீயும் கொடுப்போம். பங்குப் பேரவையில் பேசி முடித்துவிட்டோம். பணம் பங்கிலிருந்து வரும்.

கடையை மூடச் சொல்லி ஏன் போராடக் கூடாது என்று இளைஞர் இயக்கத்தார் கேட்டார்கள். போராடலாம். 1937 அக்டோபரில் ராஜாஜி முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதே சேலத்திலிருந்து வந்த காந்தியவாதி சசிபெருமாள், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கேட்டு 2015 ஜூலை 31 அன்று செல்போன் கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. 2023 ஜூனில் அதே அரசு 500 கடைகளை மூடியது. பள்ளிக்கூடப் பாதையில் இருக்கும் கடையை மாற்றச் சொல்லி கிராம சபையில் எழுந்து பேசுங்கள், மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நாளைக்குக் கடை விடுமுறை என்றால் இன்றைக்கே இரண்டாக வாங்கி வைக்கிற மனிதரை நாம் அறிவோம். கடை மூடிய மறுநாள் காலை அந்த மனிதரின் கை நடுங்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? அந்த ஏற்பாடு இல்லாத போராட்டம் எனக்குப் பாதிதான்.

தவக்காலம் வருகிறது. நம் ஆண்கள் பலர் நாற்பது நாளும் தொடமாட்டார்கள். அது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பாஸ்கா திருவிழிப்பு முடிந்து மக்கள் வீடு போய்ச் சேருவதற்குள் சிலர் சேர்த்து வைத்ததையெல்லாம் குடித்துத் தீர்க்கிறார்கள். கல்லறை திறந்த அன்று இவர் போய் உள்ளே படுத்துக்கொள்கிறார். அவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. நாற்பது நாள் உங்களால் முடிந்திருக்கிறது, சகோதரரே! மேட் டால்பட் மூன்று மாதம்தான் கேட்டார். நாற்பத்தோராம் நாள் காலையில் ஒருவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், நாற்பத்திரண்டாம் நாளும் முடியும். பழகிய உடம்பாக இருந்தால், தவக்காலம் தொடங்குவதற்கு முன் மருத்துவரை ஒரு தடவை பாருங்கள். நான் சொன்ன வலிப்புக் கதையை மறக்க வேண்டாம்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்கிற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒலிபெருக்கி உங்கள் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. உள்ளே வரக் கூச்சமாக இருக்கிறது, நேற்றைய வாடை இன்னும் போகவில்லை, தெரியும். கானாவூரில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கியவர் நம் ஆண்டவர். இந்தப் பீடத்தில் தினமும் இரசக் கிண்ணத்தை உயர்த்துகிறோம். இரசம் கெட்டது என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கிண்ணத்தைத் தொடவே அஞ்சுகிற குருக்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். குடிநோய் குருவின் அங்கியைப் பார்த்து விலகிப் போவதில்லை. அப்படிப்பட்டவர்கள் நொதித்தல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்ற ஆயரிடம் அனுமதி பெறலாம். திருச்சபை தன் பலிபீடத்திலேயே குடிநோயாளிக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. பிறகு உங்களுக்கு இந்தக் கோயிலுக்குள் ஒரு பெஞ்சு இருக்காதா? பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். பதினோராவது முறையாக அதே பாவத்தைச் சொல்ல வேண்டியிருந்தாலும் வாருங்கள். எத்தனையாவது முறை என்று ஆண்டவரும் எண்ணுவதில்லை, நானும் எண்ணப் போவதில்லை.

அந்த முடக்குவாதக்காரரிடம் இயேசு முதலில் காலைப் பற்றிப் பேசவில்லை. பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றார், அதுவும் 'மகனே' என்று கூப்பிட்டுவிட்டு. எழுந்து நடப்பது அதற்குப் பிறகு. நாம்தான் முதலில் நடந்து காட்டு, பிறகு மகன் என்று கூப்பிடுகிறேன் என்கிறோம்.

இனி அறிவிப்பு. வரும் வியாழன் முதல் வாரந்தோறும் இரவு 7 மணிக்கு நம் தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பறையில் ஏ.ஏ. கூட்டம் நடக்கும். டவுனிலிருந்து, பல வருடமாகக் குடிக்காமல் இருக்கிற மூன்று பேர் வந்து நடத்தித் தருவார்கள். கட்டணம் இல்லை. ஊர் பெயர் கேட்கமாட்டார்கள், எந்தச் சமயத்தவரும் வரலாம். நான் உள்ளே உட்காரமாட்டேன், பயப்பட வேண்டாம். முன்வாசல் வழியாக வரக் கூச்சமென்றால் பின்பக்கக் கேட் திறந்திருக்கும். அதே நேரத்தில் பெண்களுக்கும் வீட்டாருக்கும் கன்னியர் மடத்தில் தனியாக ஒரு கூட்டம். அன்பியத் தலைவிகள் அந்தந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். எந்த வீட்டுக்குத் தேவை என்று பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டாம், எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள்.

அந்த வகுப்பறையில் இருப்பது சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. பெரியவர்கள் உட்கார முடியாது. மண்டபத்திலிருந்து இருபது நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கோயில்பிள்ளைக்கு முதுகுவலி. திருப்பலி முடிந்ததும் நாலு பேர் சக்ரீஸ்துப் பக்கம் வாருங்கள்.